ஊதிய முகமே சாட்சி

அத்தியாயம் 6

பதினேழு பெட்டி மாட்டிறைச்சி டின்களை ஒரே பெண் மூன்று மாதத்தில் தின்று தீர்த்துவிட்டாள் என்று ஓர் ஊரே நம்பியது. அதைவிட அசிங்கம், கார் வைதோலு ஊருக்குள் நுழைகிற வரைக்கும் நானும் நம்பினேன்.

"பெட்டிக்கு இருபத்துநாலு டின், சார்ஜன்ட். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு நாலரை டின் வருது. நம்ம சமோவாவுல அதெல்லாம் ஒரு சாதனையே இல்ல. எங்க சித்தப்பா ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடியே மூணு முடிச்சிருவாரு."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றார் ரூத்தா.

ரூத்தா, தலைநகர் ஆப்பியாவின் போலீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, சார்ஜன்டாக ஓய்வு பெற்ற பெண்மணி. இப்போது மீன் மார்க்கெட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் துப்பறியும் தொழில் நடத்துகிறார். நான் எலியா. அவருடைய டிரைவர், உதவியாள், அவர் திட்டுவதற்கென்றே பிறந்த ஆள்.

விஷயம் இதுதான். ஜனவரிப் புயலுக்குப் பிறகு வைதோலுவுக்கு வந்த நிவாரண டின்களை மாதா கோயில் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி, மாதர் குழுத் தலைவி ஃபிலேமுவிடம். ஏப்ரலில் திறந்து பார்த்தபோது பதினேழு பெட்டிகளைக் காணோம். அதே மூன்று மாதத்தில் ஊரில் எல்லோரும் வற்றிப்போக, ஃபிலேமு மட்டும் பூசணிக்காயாக ஊதியிருந்தாள். வேறு சாட்சி எதற்கு? இன்று, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்ச்சபை கூடி அவளை ஊரைவிட்டே விலக்கப்போகிறது. வீடும், சேப்பங்கிழங்குத் தோட்டமும், பிறந்ததிலிருந்து பாடி வந்த பாட்டுக் குழுவும் போய்விடும். ஆக்லாந்தில் வேலை செய்யும் அவள் தம்பி போனில் அழுததால்தான் நாங்கள் வந்தோம்.

ஊர் முகப்பில், ஊர்த்தலைவர் மௌலோலோவின் வீட்டு வாசலில் புத்தம்புதுக் கல்லறை ஒன்று ஓடு பதித்துப் பளபளத்தது. அதற்கு எதிரே, சுவரில்லாத கூடத்தில் உட்கார்ந்து மாதர் குழுப் பெண்கள் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள்.

"அது யாருக்கு?" என்று கல்லறையைக் காட்டி ரூத்தா கேட்டார்.

"தலைவரோட அப்பாவுக்கு. மார்ச்சுல போனாரு. அப்பேர்ப்பட்ட சாவு இந்தப் பக்கத்துலயே நடக்கல. வந்த ஒருத்தரைக்கூட வெறுங்கையோட அனுப்பல" என்றாள் ஒருத்தி.

"நாங்க ஃபிலேமுவைப் பாக்கணும்."

"யாரு, பிசுபோவையா?" பிசுபோ என்றால் டின் மாட்டிறைச்சி. "நேராப் போங்க. வீட்டை அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பாத்துப் போங்க, பசிச்சா உங்களையும் முழுங்கிருவா."

பன்னிரண்டு பெண்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு பேரும் ஞாயிறுதோறும் அவளோடு நின்று பாடியவர்கள். காரில் நான் சொன்ன வேடிக்கையும் இதே சாக்கடையில் அள்ளியதுதான் என்று அப்போது உறைத்தது.

ஃபிலேமு கம்பத்தில் சாய்ந்து, கால்களை நீட்டி, அவற்றின் மேல் ஒரு பாயைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வயது. போன வருடம் வலைப்பந்துக் குழுவோடு எடுத்த படம் கயிற்றில் தொங்கியது. அதில் இருந்தவளுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது. இங்கே இருந்தவளுக்குக் கழுத்தே இல்லை. முகம் வட்டமாகச் சிவந்து வீங்கியிருந்தது. பிடரியில் ஒரு சதைத் திட்டு ஏறியிருந்தது. மோவாயில் முடி முளைத்திருந்தது. கணவன் மானம் போகிறது என்று போன மாதமே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டானாம். நல்ல ஆண்பிள்ளை.

"அக்கா, எழுந்து வரவேற்க முடியல. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"ஏன் முடியல?"

"காலு கேக்க மாட்டேங்குது. போன திங்கக்கிழமை சபையில கூப்பிட்டு விசாரிச்சாங்க. சம்மணம் போட்டு உக்காந்தேன். முடிஞ்சதும் எழ வரல. பக்கத்துல இருந்த தூணைப் பிடிச்சு எழுந்துட்டேன்."

"யாரு தூணு?"

"மௌலோலோவோடது. அவரு சாஞ்சு உக்காந்திருக்கும்போதே."

சபை வீட்டில் ஒவ்வொரு தூணும் ஒரு குடும்பத் தலைவரின் பட்டத்துக்குச் சொந்தம். பட்டக்காரர் முதுகைத் தவிர வேறு எதுவும் அதில் படக் கூடாது. திருடினால் இருபது பன்றி அபராதம் கட்டிவிட்டுத் தப்பலாம். தூணைத் தொட்டவளை யார் விடுவார்கள்?

"திமிருன்னாங்க. தின்ன கொழுப்புன்னாங்க" என்றாள் ஃபிலேமு.

ரூத்தாவின் கண் சுருங்கியது. ஏதோ மணக்கிறது என்று அர்த்தம். "எலியா, நீ கடலைப் பாரு" என்றார். நான் கடலைப் பார்த்தேன். பாய் விலகும் சத்தம், இடுப்பில் சுற்றிய லாவலாவாத் துணி விலகும் சத்தம். "இப்பத் திரும்பு. முழங்கால் வரைக்கும் மட்டும் பாரு."

பார்த்தேன். அவ்வளவு பெரிய வயிற்றுக்குக் கீழே பப்பாளிக் காம்பு மாதிரி இரண்டு கால்கள். பச்சை குத்திய கோலம் முழங்காலுக்குக் கீழே தளர்ந்து தொங்கியது. அங்கங்கே கன்றிப்போன ஊதாத் திட்டுகள்.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லக்கா. கை பட்டாலே கன்னிப்போவுது."

"நானூறு டின் தின்னவளுக்குக் காலு மட்டும் எப்படிடா இளைக்கும்?" என்று என்னைக் கேட்டார் ரூத்தா. "வயித்துக்கு ஒரு சட்டம், காலுக்கு ஒரு சட்டமா?"

அவர் அவளுடைய கையைத் திருப்பினார். விரல் மூட்டுகளும், உள்ளங்கை ரேகைகளும் கரி பூசியது போல் இருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறும் கறுத்திருந்தது.

"வெயில்ல அலையறியா?"

"போன வாரம் வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி கோயிலுக்குப் போய்ட்டு வந்ததோட சரி. வெயில்ல தலை காட்டறதில்ல. எப்படிப் போவேன்?"

"ஆஸ்பத்திரி?"

"ரெண்டு மாசம் முன்னாடி போனேன், முழங்காலுக்குக் கீழ ஒரு புண்ணு ஆறலைன்னு. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. கூப்பிடறோம்னாங்க. கூப்பிடவே இல்ல. ஒண்ணுமில்ல போலன்னு விட்டுட்டேன்."

"மருந்து மாத்திரை?"

"எண்ணெய் தேய்க்கிற பேசா கால்வலிக்கு ஒரு மாத்திரை குடுத்தாரு."

ரூத்தா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சாதாரணமாக, "அந்த அறைப் பூட்டு யாரு வாங்கினது?" என்றார்.

"மௌலோலோதான் வாங்கி, சாவியை எங்கிட்டக் குடுத்தாரு. அக்கா, இன்னொண்ணு. போன புயல்லயும் சாமான் காணாமப் போச்சு. அதனால இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில ஒரு சொட்டு நகப்பூச்சு வெச்சேன். சிவப்பு. யாருக்கும் சொல்லல. சபையிலயும் சொல்லல. சொன்னா அதையும் நானே வெச்சேன்னுதானே சொல்லுவாங்க."

"சொல்லாததுதான் நல்லது. ஒரு காகிதத்துல, என் உடம்பைப் பத்தி டாக்டர் இவங்ககிட்டப் பேசலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

பேசா பேருந்து நிறுத்தத்தில் தன் எண்ணெய்ப் புட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் ரூத்தா எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். சந்தையில் பேரில்லாத வலி மாத்திரைகள் விற்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி பறந்துவிடும், முகம் ஊதிவிடும். போலீசில் இருந்தபோது அப்படி ஒரு கும்பலையே பிடித்தவர் அவர்.

"உன் மாத்திரையக் காட்டு பேசா" என்றார்.

பேசா கோபமாக ஓர் அட்டையை எடுத்துப் போட்டார். கம்பெனி முத்திரையோடு சாதாரணக் காய்ச்சல் மாத்திரை. "நான் என்ன கொலைகாரனா? அந்தப் பேரில்லாத மாத்திரையத் தின்னவங்க எத்தனை பேருக்கு நான் எண்ணெய் தேய்ச்சிருக்கேன் தெரியுமா? முகம் இப்படித்தான் உப்பும், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தராவது கறுத்ததில்ல. இவளுக்கு ஈறு, கைரேகை, பழைய தழும்பு எல்லாம் கறுக்குது. இது உள்ள இருந்து வர்றது. டாக்டரைத்தான் பாக்கணும்னு அப்பவே சொன்னேன்."

"இதச் சபையில சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எண்ணெய் தேய்க்கிறவன் பேச்சைப் பட்டக்காரங்க கேப்பாங்களா தம்பி? அவங்களுக்கு முதுகு வலிச்சாத்தான் நான் மனுசன்."

நாங்கள் துரத்தி வந்த தடயம் அங்கேயே செத்தது. ரூத்தா மட்டும் சந்தோஷமாக இருந்தார். "வெளிய இருந்து வரல. அப்ப உள்ள எவனோ இருக்கான். மலைப்பாதையில ஏறுடா, ஆப்பியாவுக்குப் போ."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெனியாமினா, ஃபிலேமுவின் கடிதத்தைப் படித்தார். படித்ததும் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"எங்க அந்தம்மா? நாலு தடவை கூப்பிட்டுட்டேன். முதல் தடவை சொல்றேன்னாரு. ரெண்டாவது தடவை, வர மாட்டேன்னு சொல்றாங்கன்னாரு. மூணாவது தடவை, நாட்டு வைத்தியம் பாக்கறாங்கன்னாரு. போன வெள்ளிக்கிழமை, ஊர்லயே இல்லன்னாரு."

"யாரு சொன்னது?"

"அவங்க குடுத்த நம்பர்ல எடுக்கிற ஆளு. வீட்டுக்காரர்னு நெனச்சேன்."

ரூத்தா அந்த நம்பரை வாங்கிக் குறித்துக்கொண்டார். "முதல்ல அவளுக்கு என்னன்னு சொல்லுங்க. எலியாவுக்கும் புரியற மாதிரி."

"கஷ்டம்தான், முயற்சி பண்றேன்" என்றார் டாக்டர். மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. "உடம்புக்கு ஒரு ஆபத்து, ஒரு நெருக்கடின்னா சமாளிக்கிறதுக்குன்னு கார்ட்டிசோல்னு ஒண்ணு சுரக்கும். சிறுநீரகத்து மேல குல்லா மாதிரி ரெண்டு சுரப்பி உக்காந்திருக்கு, அதுங்க வேலை அது. ஆனா தானாச் சுரக்காது. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி, அது உத்தரவு அனுப்பணும். இந்தம்மா ரத்தத்துல கார்ட்டிசோல் கொட்டுது. அதிகமாச் சுரந்தா முகமும் வயிறும் ஊதும், கை கால் தசை கரையும், தோல் கன்னும், புண்ணு ஆறாது, தூக்கம் போயிரும், சர்க்கரை ஏறும்."

"மாத்திரையாலயும் இது வருமே?"

"வரும். ஆனா மாத்திரைன்னா, போதும்னு உடம்பு உத்தரவை நிறுத்திரும். இங்க உத்தரவும் சேர்ந்து கொட்டுது. நியூசிலாந்துக்கு ரத்தத்தை அனுப்பிப் பாத்தோம். அந்த உத்தரவு அளவுக்கு மீறிப் போனா தோலும் கறுக்கும்."

"பேசா சொன்னாரே" என்றேன். ரூத்தா என் காலை மிதித்தார்.

"அப்ப பிட்யூட்டரி கெட்டுப்போச்சா?"

"நானும் முதல்ல அதத்தான் நெனச்சேன். ஆனா அன்னிக்கு இருமிக்கிட்டே இருந்தாங்கன்னு நெஞ்சை ஸ்கேன் எடுத்தேன்." படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலில், ஒரு கோக்கோ விதை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. "நுரையீரல்ல நரம்பு பாதி, சுரப்பி பாதின்னு சொல்லக்கூடிய செல்லுங்க அங்கங்க இருக்கும். அதுல ஒண்ணு கட்டியாகிடும். நியூரோஎண்டோகிரைன் கட்டின்னு பேரு. சில சமயம் அந்தக் கட்டி, பிட்யூட்டரி அனுப்பற அதே உத்தரவைத் தானும் அனுப்ப ஆரம்பிச்சிரும். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. பாவம், அந்தச் சுரப்பிங்களுக்கு எது நெஜ உத்தரவு, எது பொய் உத்தரவுன்னு எப்படித் தெரியும்? வேலை செஞ்சு செஞ்சு வீங்கிக்கிட்டே இருக்குங்க. தேவைப்படற பரிசோதனை இன்னும் பாக்கி இருக்கு. ஆனா எனக்கு இந்தக் கோக்கோ விதை மேலதான் சந்தேகம்."

"நம்ம ஊர்ச்சபை மாதிரி" என்றேன். "யாரோ ஒருத்தர் மூலையில இருந்து முனகினாப் போதும்."

"காப்பாத்திரலாமா டாக்டர்?" என்று ரூத்தா கேட்டார்.

"வெட்டி எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கு. முகம்கூட மெல்ல மெல்லப் பழையபடி வரும். விட்டா, ஒரு சின்னக் காய்ச்சலைக்கூட அவங்க உடம்பு தாங்காது. பொட்டாசியம் ஏற்கெனவே தரை தட்டியிருக்கு. ஆக்லாந்துல ஒரு படுக்கை வாங்கி வெச்சிருக்கேன், வியாழக்கிழமை விமானம். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவங்க இங்க வந்து சேரலைன்னா, அந்த இடம் அடுத்த நோயாளிக்குப் போயிரும். என்னால இனி பிடிச்சு வைக்க முடியாது."

ரூத்தா அந்த நம்பரை என்னிடம் நீட்டினார். நான் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வைதோலு ஊர்த்தலைவர் மௌலோலோ பேசறேன். யாருங்க?"

"மன்னிக்கணுங்கய்யா. கோழித் தீவனக் கடைன்னு நெனச்சேன்" என்று வைத்துவிட்டேன்.

வெளியே வந்து காரைக் கிளப்பினேன். ஃபிலேமுவின் போன் புயலில் போயிருக்கும். ஊரில் பாதிப் பேர் தலைவர் நம்பரைத்தான் எங்கேயும் கொடுப்பார்கள். நம்பித்தான் கொடுத்திருப்பாள்.

"எதுக்கு மறைக்கணும் சார்ஜன்ட்? தூணைத் தொட்டது போன வாரம்தானே. போன் ரெண்டு மாசமா வருது."

"அவளுக்கு நோய்னு தெரிஞ்சா அந்த முகம் சாட்சியா நிக்காதுடா. அது நிக்கலேன்னா, பெட்டியெல்லாம் எங்கன்னு ஊர் வேற பக்கம் தேடும். அவ ஊதிக்கிட்டே இருக்கணும். அதான் அவனுக்கு வேணும்." சிறிது தூரம் போனதும் கேட்டார்: "கடையில ஒரு புதுப் பூட்டு வாங்கினா எத்தனை சாவி குடுப்பான்?"

"ரெண்டு."

"அவகிட்ட எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"பசிக்குதுடா. மௌலோலோ வீட்டுல சாப்பிடலாம்."

மௌலோலோ வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக, கோயில் உண்டியல் தூக்குகிறவர் போல அடக்கமாக இருந்தார். கோக்கோ வந்தது, சேப்பங்கிழங்கு வந்தது, வெங்காயம் போட்டு வதக்கிய மாட்டிறைச்சி வந்தது. ரூத்தா நன்றாகச் சாப்பிட்டார். நானும் கொஞ்சம் சாப்பிட்டேன், அதை மறைப்பானேன்.

"விசாரிச்சுப் பாத்தோம் தலைவரே" என்று ரூத்தா கை கழுவிக்கொண்டே சொன்னார். "முகத்தைப் பாத்தாலே தெரியுது. இதுக்கு மேல நாங்க தோண்ட என்ன இருக்கு? ஆப்பியாவுக்குத் திரும்பலாம்னு இருக்கோம். உங்களை மாதிரி ஒரு பெரிய மனுசரைப் பாத்துச் சொல்லிட்டுப் போகாம இருந்தா நல்லா இருக்காது."

நான் கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு ரூத்தாவைப் பார்த்தேன். மௌலோலோவின் முகம் மலர்ந்தது. அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். ஆப்பியாவிலிருந்து வந்த விருந்தாளி, அதுவும் போலீஸ் சார்ஜன்ட், வெறுங்கையோடு வாசல் தாண்டினால் பட்டத்துக்கு என்ன மரியாதை? சமோவாவில் ஒருவன் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டான். அவர் மகள் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து ரூத்தாவின் முன்னால் வைத்தாள். இருபத்துநாலு டின் மாட்டிறைச்சி.

"எங்களால முடிஞ்சது" என்றார் மௌலோலோ.

ரூத்தா தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பெட்டியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் காரின் பின்பக்கத்தில் வைக்கும்போது தூக்கி அடியைப் பார்த்தேன். மூலையில் மிளகளவுக்கு ஒரு சிவப்புச் சொட்டு.

மூன்று மணிக்குச் சபை கூடியது. பட்டக்காரர்கள் அவரவர் தூணில் சாய்ந்திருந்தார்கள். ஃபிலேமு நடுவில், பாயில், சம்மணம் போட முடியாமல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பாய் முடைகிற பெண்கள் அத்தனை பேரும் புல்தரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பட்டக்காரர் சாவேயாவிடம் ரூத்தா பேச அனுமதி கேட்டார். நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்திருந்த மௌலோலோவின் முதுகு தூணை விட்டு நிமிர்ந்தது.

"இந்த ஊர் எனக்கு ஒரு பரிசு குடுத்துச்சு. தலைவர் மௌலோலோ கையால குடுத்தாரு" என்றார் ரூத்தா. "நான் தகுதியில்லாதவ. அதை ஊருக்கே திருப்பிக் குடுத்துட்டுப் போறேன். எலியா."

நான் பெட்டியை நடுவில் வைத்தேன். கவிழ்த்து வைத்தேன்.

"அடியில ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு. நிவாரணம் வந்த அன்னிக்கே ஃபிலேமு ஒவ்வொரு பெட்டிக்கும் வெச்சது. அறையில மிச்சம் இருக்கிற பெட்டிங்களைப் புரட்டிப் பாருங்க, இதே பொட்டு இருக்கும். இது தலைவர் வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு அவருதான் சொல்லணும். ரெண்டாவது சாவி எங்கன்னும் அவருதான் சொல்லணும்."

மௌலோலோ தொண்டையைச் செருமினார். "அப்பாவோட சாவு" என்றார். "பட்டத்தோட மானம். வந்தவங்களை எப்படி வெறுங்கையோட அனுப்புவேன்?"

ரூத்தா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "மார்ச்சுல அந்தச் சாவுக்கு யாரு யாரெல்லாம் போனீங்க? யாரு வீட்டுக்கெல்லாம் பெட்டி வந்துச்சு?"

அப்போதுதான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகத்திலும் விஷயம் உறைத்ததைப் பார்த்தேன். சாவேயாவின் மனைவி புல்தரையிலிருந்து எழுந்து போனாள். ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். அவர்கள் வீட்டுக் கோழி அதில்தான் முட்டையிடுகிறது. உள்ளே வைக்கோலும் எச்சமும் ஒட்டியிருந்தன. அவள் அதைக் கவிழ்த்தாள். சிவப்புப் பொட்டு.

"நாங்க தின்னுட்டோம்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர்கள் எல்லோருமே தின்றிருந்தார்கள். பிசுபோ, பிசுபோ என்று அவளைக் கூப்பிட்ட அத்தனை வாயும் அதைத் தின்ற வாய்தான். மத்தியானம் நான் விழுங்கியதும் அதுவாகத்தான் இருக்கும்.

ரூத்தா டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னார். கோக்கோ விதை அளவுக் கட்டி, பொய் உத்தரவு, இளைத்த கால்கள். நாலு தடவை வந்த போன்.

"திருட்டைக்கூட விடுங்க" என்று மௌலோலோவைப் பார்த்துச் சொன்னார். "அவ பேரைச் சொல்லி, வர மாட்டேன்னு நீங்க பதில் சொன்னீங்களே. அவ செத்துப்போனா என்ன சொல்லியிருப்பீங்க? தின்னே செத்தான்னா?"

ஃபிலேமு மௌலோலோவைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா தினமும் உங்க வீட்டு வாசல் வழியாத்தானே கோயிலுக்குப் போனேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

இனி எல்லோரும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன். இடப்பக்கத் தூணிலிருந்து ஒருவர், இதற்கு எத்தனை பன்றி அபராதம் என்று ஆரம்பித்தார். இன்னொருவர், சாவுக்குக் கொடுத்தது திருட்டில் சேருமா என்றார். வாங்கினவர்கள் மீது குற்றமில்லை என்று மூன்றாமவர் அவசரமாகச் சொன்னார். அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மணி நாலு ஆகிவிட்டது. ஆப்பியாவுக்கு ஐம்பது நிமிடப் பாதை.

"சார்ஜன்ட், கிளம்பணும்" என்றேன்.

ஃபிலேமுவுக்கும் அது கேட்டது. எழப் பார்த்தாள். கால் வரவில்லை. நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பாயின் மேலேயே நகர்ந்து நகர்ந்து போனாள். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. மௌலோலோவின் முன்னால் போய் நின்றாள். நின்றாள் என்று எங்கே சொல்வது, முழங்காலில்தான் இருந்தாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

அவர் சாவேயாவைப் பார்த்தார். சாவேயா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மௌலோலோ நகர்ந்தார்.

அவள் அந்தத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தாள். இரண்டு தடவை சறுக்கினாள். மூன்றாவது தடவை எழுந்து நின்றாள். மூச்சு வாங்கும் வரை அதிலேயே சாய்ந்திருந்தாள். ஒருவரும் திமிர் என்று சொல்லவில்லை.

நான் வண்டியை எடுக்க ஓடினேன்.